றைட் அண்ணைக்கு எங்கே இறக்கம்?

கரப்பந்தாட்டம் உலகத்தில் தோன்றிய நாள் தொட்டு, வலைக்கு மேலால் ஒரு பந்தைக்கூட அடிக்காமல், பந்தடிப்பதற்கென்றே தனியாக ஒரு மொழியை உண்டாக்கிய ஒரே மனிதர் எங்கள் றைட் அண்ணைதான். சந்தேகம் இருப்பவர்கள் காலை ஏழேகால் மினிபஸ்சில் ஏறி அவரிடமே கேட்கலாம். பதில் கட்டாயம் கிடைக்கும், இருக்க இடம்தான் கிடைக்காது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் போகிற மினிபஸ்சில் அவர் கொண்டக்டர். சனத்தை ஏற்றி முடிந்ததும் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி "றைட்!" என்பார், பஸ் புறப்படும். அந்தச் சொல் அவர் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டுக் கை கழுவினாலும் றைட். செத்த வீட்டில் துக்கம் விசாரித்து முடிந்தாலும் றைட். ஒருநாள் கோயிலில் ஐயர் தீபம் காட்டி முடிக்கிற நேரம் பின்னாலிருந்து "றைட்!" என்று குரல் வர, ஐயர் தட்டோடு இரண்டடி முன்னால் போய்விட்டாராம். இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் முழுமனதோடு நம்புகிறேன்.

ஆள் ஐந்தடி மூன்று அங்குலம். குரல் மட்டும் ஏழடி. பின்னேரம் ஐந்து மணிக்குப் பஸ்சை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு எங்கள் கழக மைதானத்துக்கு வந்துவிடுவார். அங்கே அவர்தான் செற்றர். அதாவது வலைக்குப் பக்கத்தில் நின்று, அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர். நான் இடது மூலையில் நின்று அடிக்கிறவன். பகலில் உள்ளூராட்சிச் சபையொன்றில் எழுதுவினைஞர். உங்கள் கடிதம் கிடைத்தது என்று கடிதம் எழுதுவது என் உத்தியோகம். அதில் சேர்ந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வலைக்கு மேலே பாய்வது என் பொழுதுபோக்கு.

நான் கழகத்தில் சேர்ந்த முதல் நாள். பந்து மேலே எழும்பியது. அண்ணை "றைட்!" என்று கத்தினார். நான் வலது பக்கம் ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றான். இருவரும் மண்டையோடு மண்டை மோதி விழுந்தோம். பந்து இடது மூலையில் கவனிப்பாரற்று விழுந்தது.

"எங்கையடா ஓடினனீ?" என்றார் அண்ணை.

"றைட் எண்டு சொன்னியள்."

"றைட் எண்டால் வெளிக்கிடு எண்டு அர்த்தம். நீ உன்ரை வாழ்க்கையிலை பஸ் ஏறினதே இல்லையோ?"

அன்றைக்கே எனக்குப் பாடம் தொடங்கியது. வலை எங்களுக்குத்தான் வலை, அண்ணைக்கு அது காங்கேசன்துறை வீதி. இடது மூலை கொக்குவில், நடு கோண்டாவில், வலது மூலை இணுவில். யாழ்ப்பாணத்தில் புறப்பட்ட பஸ் எந்த ஒழுங்கில் போகுமோ அதே ஒழுங்கு. நன்றாக உயரத் தூக்கி, அடிக்கிறவன் ஆறுதலாக ஓடிவந்து அடிக்கிற பந்து "லோக்கல்", ஏனென்றால் அது எல்லாத் தரிப்பிலும் நின்று நின்று வரும். வலையோடு ஒட்டித் தாழ்வாகக் கொடுத்து, கண்மூடித் திறக்குமுன் அடிக்கவேண்டிய பந்து "எக்ஸ்பிரஸ்". பின்வரிசையில் நிற்கிறவன் கோட்டுக்குப் பின்னாலிருந்தே பாய்ந்து அடித்தால் "பின்சீற்". ஆகவே "கொக்குவில் லோக்கல்!" என்றால் எனக்கு உயரப் பந்து. "கோண்டாவில் எக்ஸ்பிரஸ்!" என்றால் நடுவில் நிற்கிற பாண் மணியத்துக்கு வேகப் பந்து. மணியம் பேக்கரி வைத்திருப்பவன்.

அடிக்கிற திசைக்கும் பெயர் உண்டு. எல்லைக்கோட்டோடு நேரே அடித்தால் "மெயின் ரோட்". மூலைக்கு மூலை குறுக்கே அடித்தால் "ஒழுங்கை". எதிரில் தடுக்கப் பாய்கிறவனுடைய கையிலேயே வேண்டுமென்று பட வைத்துப் பந்தை வெளியே போகச் செய்தால் "தகரத்திலை தட்டு". அடிக்கப்போகிற மாதிரிக் கையை ஓங்கிவிட்டு, கடைசி நேரத்தில் விரல் நுனியால் தடுப்பவனின் தலைக்கு மேலால் மெல்லப் போட்டால் அது "பிரேக்".

"ஓங்கி அடிக்கிறதை எருமை மாடும் செய்யும்," என்பார் அண்ணை. "பிரேக் பிடிக்கத் தெரிஞ்சவன்தான் றைவர்."

இந்த மொழியில் ஒரு கெட்ட குணம் இருந்தது. மைதானத்தில் படித்தது பஸ்சிலும் பின்தொடர்ந்து வரும். ஒருநாள் வேலைக்குப் போகும்போது நெரிசலில் கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு அம்மா பஸ்சில் ஏறி, "தம்பி, உது கொக்குவிலிலை நிப்பாட்டுமோ?" என்று கேட்டிருக்கிறா. அண்ணை, "கொக்குவில்! லோக்கல்தான் அம்மா, எல்லா இடமும் நிக்கும்!" என்று கத்தினார். நான் இருந்த இடத்திலிருந்து இரண்டு கையையும் வீசிப் பாய்ந்தேன். கூரைக் கம்பியில் தலை இடித்த சத்தம் றைவருக்கே கேட்டது. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல பாய்ச்சல். கை மட்டும் பிந்திப்போச்சு," என்றார்.

அண்ணையின் பஸ்சில் சட்டங்கள் கடுமை. அதில் அதிகம் ஏச்சு வாங்கியவன் நெட்டையன். பக்கத்து ஊர்க்காரன், ஆறடி மூன்று அங்குலம், சுன்னாகத்தில் தொலைபேசிக் கடையில் வேலை. உள்ளே நின்றால் கூரை கழுத்தை முறிக்கும் என்பதால் காலையும் பின்னேரமும் மிதிபலகையில்தான் பயணம். இறங்க வேண்டியவர் யாராவது உள்ளிருந்து "இறக்கம்" என்று சொன்னால் வாசலில் நிற்பவன் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வழிவிட வேண்டும். நெட்டையன் ஆரம்பத்தில் விடுவதில்லை.

"டேய் நெட்டை! இறக்கம் எண்டு கேட்டால் பனை மாதிரி நிக்காதை. பக்கத்தாலை திரும்பு! மனிசர் இறங்கிறேல்லையோ?"

இதை ஒரு நாளைக்குப் பத்துத் தரம், ஆறு வருசம் சொன்னார். கடைசியில் நெட்டையன் திருந்திவிட்டான். "இற" என்று கேட்கும்போதே திரும்பிவிடுவான். இவனை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வருகிறான்.

செற்றர் எப்போதும் பந்தைத் தூக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இரண்டாம் தொடுகையிலேயே அவர் நினைத்தால் தானே பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடலாம். அண்ணை இருபது வருசத்தில் ஒருதடவைகூட அப்படிச் செய்ததில்லை. ஒருநாள் நான் கேட்டேன்.

"கொண்டக்டர் நடுவழியிலை இறங்கிறதோடா?" என்றார். "சனத்தை இறக்கிறதுதான் என்ரை வேலை. பஸ்சிலை உள்ள சொல்லெல்லாம் என்ரை. 'இறக்கம்' எண்ட ஒரு சொல் மட்டும் சனத்தின்ரை. அதை எனக்கெண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்."

இப்படிச் சிறப்பாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் கழகத்துக்கு ஒரு பயிற்றுநர் வந்து சேர்ந்தார். வயது இருபத்தாறு. விளையாட்டுத்துறையில் டிப்ளோமா. கழுத்தில் விசில், கையில் ஒரு கோப்பு. முதல் நாளே ஆளுக்கு ஒரு போட்டோப் பிரதி தந்தார். அதில் அடிக்கும் முறைகள் முப்பத்தைந்துக்கு ஆங்கிலப் பெயர்கள்.

"இனிமேல் எல்லாரும் சரியான சொல்லுகளைப் பாவிக்கோணும்," என்றார் டிப்ளோமா. "நேரை அடிக்கிறது லைன். குறுக்கை அடிக்கிறது குறோஸ். பின்சீற் எண்டு ஒண்டும் இல்லை, அது பைப்."

"பைப்போ?" என்றான் பாண் மணியம். "தண்ணி வருமோ?"

டிப்ளோமா சிரிக்கவில்லை. அவர் படித்த இடத்தில் அதுவும் கற்பித்திருக்கலாம். அடுத்த கிழமை எங்களுக்கு வாய்மொழிப் பரீட்சை. கழகத் தலைவர், செயலாளர் எல்லோரும் கதிரை போட்டு இருந்தார்கள். அண்ணையின் முறை வந்தது.

"அடிச்ச பந்து நேராய்ப் புள்ளியாகினால் அதுக்கு என்ன பேர்?"

அண்ணை தாளை எட்டிப் பார்த்தார். "கில்."

"கில் எண்டால்?"

"கொலை. தம்பி, நான் ஒரு சின்னச் சந்தேகம் கேக்கட்டே? ஒரு பின்னேரத்துக்கு இருபது கொலை செய்தால் பொலிசுக்கு ஆர் பதில் சொல்றது?"

"அண்ணை, விளையாடாதேங்கோ. செற்றர் ரெண்டாம் பந்தைத் தானே அங்காலை போட்டால்?"

"டம்ப்."

டம்ப் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் சபைக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஊர்க் குப்பையைக் கொண்டுபோய் இன்னொரு ஊரின் எல்லையில் கொட்டுவதற்கு அதுதான் பெயர், அதைப் பற்றி நான் மட்டும் நாற்பது கடிதம் எழுதியிருக்கிறேன்.

"நீங்கள் ஒருக்காலும் டம்ப் பண்ணுறேல்லை," என்றார் டிப்ளோமா. "அது பெரிய குறை. எதிர்ப்பக்கம் உங்களைத் திரும்பியும் பாக்கிறேல்லை."

"பாக்கத் தேவையில்லை. இறங்கிற ஆக்களைப் பாக்கட்டும்."

கதிரையில் இருந்தவர்கள் தனியே போய்க் கதைத்தார்கள். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்கள். பொங்கல் சுற்றுப்போட்டி வருகிறது. அதில் வென்றால் அண்ணை தொடரலாம். தோற்றால் அடுத்த நாளிலிருந்து வேறு செற்றர். அண்ணைக்கு வயது நாற்பத்தாறு, இடது முழங்கால் வேறு கதவுப் பிணைச்சல் மாதிரிச் சத்தம் போடுகிறது என்று காரணமும் சொன்னார்கள்.

அண்ணை "றைட்" என்றார். முதல்தடவையாக அந்தச் சொல்லில் சத்தம் இருக்கவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன். ஏதாவது பகிடி விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை.

"விடியத் தொடங்கினால் எல்லாரும் என்னைத்தான் ஏசுவினம்," என்றார். "பிந்தி வந்தாலும் நான்தான், முந்திப் போனாலும் நான்தான். மழை பெய்தாலும் நான்தான். பின்னேரம் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் நான் வாய் திறக்க அஞ்சு பேர் சந்தோசமாய்ப் பாயிறாங்கள். அதையும் எடுத்துப்போட்டால் நான் ஆர் சொல்லு?"

"பெரிய கதை கதைக்காமல் நடவுங்கோ," என்று மட்டும் சொன்னேன். எழுதுவினைஞருக்கு அதற்கு மேல் வராது.

சுற்றுப்போட்டியில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்று கேட்காதீர்கள், ஒரு அணி வராமலே விட்டது. இறுதியில் எதிரே நின்றது பக்கத்து ஊர். அவர்களுடைய தலைவன், வலையோடு நின்று தடுக்கிற பிரதான ஆள், நெட்டையன்.

அண்ணை "கொக்குவில் லோக்கல்!" என்றார். நான் பாயுமுன்னே நெட்டையனின் இரண்டு கையும் எனக்கு எதிரில் மதில் மாதிரி நின்றன. பந்து என் காலடியில் விழுந்தது. "கோண்டாவில் எக்ஸ்பிரஸ்!" மணியத்துக்கும் அதே கதி. நான் எண்ணி வைத்து "பிரேக்" போட்டால் அங்கே ஒருவன் முன்கூட்டியே குந்தியிருக்கிறான். அப்போதுதான் விளங்கியது. ஆறு வருசமாக மிதிபலகையில் தொங்கியவனுக்கு இந்தப் பாதையில் தெரியாதது என்ன இருக்கிறது! முதல் செற் போய்விட்டது.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் டிப்ளோமா. "இனி என்ரை சொல்லுகள்."

இரண்டாம் செற்றில் அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு "பைப்!" என்றார். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவன் "பைப் வருது, பின்னுக்குப் பாருங்கோ!" என்று தன் ஆட்களுக்குச் சத்தமாக மொழிபெயர்த்தான். டிப்ளோமா தந்த தாளில் இருந்ததெல்லாம் அவர்கள் தொலைபேசியில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். எட்டுக்கு மூன்று என்று பின்னால் நின்றோம். டிப்ளோமா கோப்பை மூடினார்.

அண்ணை இடைவேளை கேட்டு எங்களைக் கூட்டினார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பஸ் சுன்னாகம் போய்ச் சேர்ந்திட்டுது. இனித் திரும்புற ஓட்டம்."

"விளங்கேல்லை அண்ணை," என்றேன்.

"திரும்பி வரேக்கை முதல் வாறது இணுவில். கடைசியிலை கொக்குவில். நீ நிண்ட இடத்திலையே நில். ஆனால் இப்ப நீ இணுவில்."

ஆறு வருசம் கொக்குவிலாக இருந்தவனை ஒரு நிமிசத்தில் இணுவில் ஆக்கினால் தலை சுற்றாதா? வலது மூலையில் நிற்கிற பையன் திகைத்துப்போய், "அப்ப நான் ஆர்?" என்றான். பாண் மணியம் மட்டும் சந்தோசமாக நின்றான்.

"எனக்கென்ன? போனாலும் வந்தாலும் கோண்டாவில் கோண்டாவில்தான்."

"இணுவில் லோக்கல்!" என்றார் அண்ணை. நெட்டையன் தன் இடத்தை விட்டு மற்றப் பக்கத்துக்குப் பாய்ந்தான். பந்து என்னிடம் வந்தது. எதிரில் ஒரு கையும் இல்லை. எழுதுவினைஞராகிய நான் மெயின் ரோட்டில் அடித்த அடியில் எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பு பறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் எங்களுக்குள் ஒரு குழப்பம், "இப்ப போறமோ வாறமோ?" என்று கேட்டுக்கொண்டே அடித்தோம். எங்களுக்கே விளங்காததை எதிரி எப்படி விளங்கிக்கொள்வான்? இரண்டாம் செற் எங்களுக்கு.

மூன்றாம் செற்றின் நடுவில் நெட்டையன் நெற்றியில் கையை வைத்து யோசித்தான். பிறகு சிரித்தான். அவன் காலையில் மட்டுமா அண்ணையின் பஸ்சில் போகிறான்? பின்னேரம் அதே பாதையால் திரும்பியும் வருகிறவன் அல்லவா! அடுத்த பந்திலிருந்து திரும்புகிற ஓட்டமும் அவனுக்கு வெளிச்சம்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அவர்கள் சேர்விஸ் ஒன்றை வலையில் போட்டதால் பதினான்கு எங்களுக்கு. இன்னும் ஒன்று எடுத்தால் வெற்றி, விட்டால் ஆட்டம் எந்தப் பக்கமும் சாயும். எங்களிடம் ஆங்கிலம் முடிந்துவிட்டது, போகிற பாதை முடிந்துவிட்டது, வருகிற பாதையும் முடிந்துவிட்டது. அண்ணையின் முழங்கால் சத்தம் சனத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கரையில் டிப்ளோமா விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பந்து எங்கள் பக்கம் வந்தது. மணியம் நல்லபடி எடுத்துக் கொடுத்தான். பந்து வலைக்கு மேலே, அண்ணையின் தலைக்கு நேரே எழும்பியது. நான் இடதில் பாய்ந்தேன். மணியம் நடுவில் பாய்ந்தான். அண்ணையும் பாய்ந்தார். அவருக்கு நேரே நெட்டையன், கை இரண்டும் வானத்தில்.

அந்த நேரம் எங்கள் மொழியில் இல்லாத ஒரு சொல் கேட்டது.

"எனக்கு இறக்கம்!"

நெட்டையன் பக்கவாட்டில் திரும்பினான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தரத்தில் நின்ற மனிதன் கையை மடக்கி, வயிற்றை எக்கி, அழகாக வழிவிட்டான். அண்ணை அந்த இடைவெளியால் பந்தை மெல்லத் தட்டினார். அது நெட்டையனின் தோளை உரசிக்கொண்டு போய், மரியாதையாக ஒரு பயணி இறங்குகிற மாதிரி, அங்கே மண்ணில் இறங்கியது.

நடுவர் விசில் ஊதுவதற்கு முதல் நெட்டையனே கத்தினான். "ஐயோ அண்ணை! நீங்கள் இறங்கிறனீங்களோ!"

பிறகு நடந்ததெல்லாம் தூசியும் கூச்சலும். அண்ணையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினோம். தோற்ற கூட்டத்தோடு நெட்டையனும் வந்து ஒரு காலைத் தூக்கினான். டிப்ளோமா ஓடிவந்து, "அண்ணை, அடுத்த வருசமும் நீங்கள்தான் செற்றர். கமிற்றியோடை நான் கதைக்கிறன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்காக அவருடைய தாளை மன்னித்தேன்.

அண்ணை மண்ணில் இருந்து முழங்காலைத் தடவினார்.

"இல்லைத் தம்பி. காணும், எனக்கு இனிப் போதும்."

"வெண்டிட்டமல்லோ! இனி ஆர் உங்களை நிப்பாட்டுறது?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"நான் இறக்கம் எண்டு சொன்னது உனக்குக் கேக்கேல்லையோ? சொல்லிப்போட்டு இறங்காமல் வாசல்லை நிண்டால் எந்தக் கொண்டக்டர்தான் ஏசமாட்டான்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இப்போது கழகத்துக்குப் புதுச் செற்றர். திறமான பையன், ஆனால் இங்கிலிசுதான். டிப்ளோமாவின் தாளில் மட்டும் ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. "டம்ப்" என்பதை வெட்டி, பக்கத்தில் பேனையால் "இறக்கம்" என்று எழுதி, அதையும் பிரதி எடுத்து வருகிறவனுக்கெல்லாம் கொடுக்கிறார்.

அண்ணை இன்றைக்கும் அதே பஸ்சில்தான். கொக்குவில் தாண்டும்போது என்னைப் பார்த்து, "கை பிந்தாமல் பாய்," என்பார். பஸ்சில் உள்ளவர்கள் இருவரையும் விசர் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். எனக்கு மோட்டார்சைக்கிள் இருக்கிறது, நல்லாகவும் ஓடுகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அதை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய பஸ்சில் ஏறுகிறேன். என்னுடைய தரிப்பு வந்ததும் வாயைத் திறப்பதில்லை, அதற்கு அடுத்த தரிப்பில்தான் இறக்கம் சொல்லி, மீதித் தூரத்தைத் திரும்பி நடக்கிறேன்.